தச்சு முழமும் மெகாலிதிக் யார்டும் ஒன்றுதானா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கேட்ட தம்பி தேவகோட்டைப் பக்கத்துக்காரர். அவர் ஊர்ப் பொட்டலில் செம்புராங்கல் நட்ட கல்வட்டம் ஒன்று இருக்கிறது. நண்பர்களோடு போய் டேப் பிடித்து, ஒரு கல்லின் நடுவிலிருந்து எதிர்க்கல்லின் நடுவுக்கு அளந்திருக்கிறார். தென்வடலாக 8.30 மீட்டர், கிழமேலாக 7.60 மீட்டர். வீட்டில் மராமத்துக்கு வந்த ஆசாரி ‘தச்சு முழம்னா 33 அங்குலம்’ என்று சொன்னது நினைவுக்கு வர, வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 10 முழம், 9 முழம். போதாக்குறைக்கு, அலெக்சாண்டர் தாம் என்பவர் பிரிட்டனின் கல்வட்டங்களை அளந்து, ‘மெகாலிதிக் யார்டு’ என்று 32.64 அங்குல அளவு ஒன்றைச் சொன்னதையும் படித்திருக்கிறார். ‘33க்கும் 32.64க்கும் என்ன பெரிய வித்தியாசம்? அங்கே கல் நட்டவர்களும் நம் ஆட்களும் ஒரே கோலைத்தான் பிடித்தார்களா? எங்கள் வட்டம் ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறதே, அது தாம் சொன்ன சப்பை வட்டம்தானே?’ இதுதான் கேள்வி.

இல்லை தம்பி. இரண்டுக்கும் இல்லை. ஆனால் ‘தற்செயல்’ என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டுப் போனால் உங்கள் உழைப்புக்கு மரியாதை இல்லை. நான் நில அளவையில் முப்பது வருடத்துக்கு மேல் சங்கிலி இழுத்தவன். ஓய்வுக்குப் பிறகு புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி சுற்றுவட்டாரத்துப் பொட்டல்களில் வெயிலோடு திரிந்து கல்வட்டம் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தாம் சாதாரண ஆள் இல்லை. ஸ்காட்லாந்துக்காரர், ஆக்ஸ்ஃபோர்டில் பொறியியல் பேராசிரியராக இருந்து 1961ல் ஓய்வுபெற்றவர். கோணம் அளக்கும் தியோடலைட்டும் எஃகு டேப்புமாகப் பல நூறு இடங்களை அளந்தார். 1955ல் ராயல் புள்ளியியல் கழகத்தின் இதழில் முதல் பெரிய கட்டுரை, 1967ல் நூல். தொல்லியல்காரர்கள் அதுவரை போட்டுவைத்திருந்த வரைபடங்களோடு ஒப்பிட்டால் அவர் போட்டவை வேறு தரம். அவருடைய முடிவை ஏற்காதவர்களும் அந்தப் படங்களைத்தான் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். அளந்தவன் என்ற முறையில் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அவர் சொன்னது இரண்டு. ஒன்று, இந்த வட்டங்களின் விட்டங்கள் 2.72 அடி என்ற ஓர் அலகின் முழு மடங்குகளில் குவிகின்றன. அதுதான் மெகாலிதிக் யார்டு, நம் கணக்கில் 82.9 சென்டிமீட்டர். இரண்டு, வட்டமாக இல்லாதவை தவறிப்போனவை அல்ல, கயிறும் முளையும் கொண்டு வேண்டுமென்றே வரைந்த வடிவங்கள்: சப்பை வட்டம், முட்டை, நீள்வட்டம்.

முதலில் அலகு. 2.72 அடிக்குப் பிழை வரம்பாக தாம் கொடுத்தது கூட்டல் கழித்தல் 0.003 அடி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு! தச்சு முழம் 33 அங்குலம் என்றால் 2.75 அடி. இரண்டுக்கும் இடைவெளி 0.03 அடி, அதாவது 9 மில்லிமீட்டர். அவர் சொன்ன பிழையைப் போல் பத்து மடங்கு. இங்கேதான் உங்கள் வாதம் மாட்டிக்கொள்கிறது. தாம் சொன்ன துல்லியத்தை நம்பினால் தச்சு முழம் அந்த அலகு ஆகவே முடியாது. துல்லியத்தை நம்பவில்லை, ‘சுமார் 83 சென்டிமீட்டர்’ என்று வைத்துக்கொள்கிறேன் என்றால், பிறகு அது அலகே இல்லை, ஓர் ஆள் எட்டிவைக்கும் காலடி. இரண்டில் எதைப் பிடித்தாலும் ஒரே கோல் என்ற முடிவுக்கு வழியில்லை.

9 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவில் பிராட்கர் வட்டம் இருக்கிறது. பிரிட்டனில் உள்ள பெரிய, நல்ல வட்டமான வட்டங்களில் ஒன்று. அதன் விட்டம் 125 மெகாலிதிக் யார்டு என்றார் தாம். 340 அடி, அதாவது 103.6 மீட்டர். அதையே தச்சு முழத்தால் வகுத்துப் பாருங்கள்: 123.6. முழு எண் காணாமல் போய்விட்டது. ஒரு முழத்தில் 9 மில்லிமீட்டர் என்பது அவ்வளவு நீளத்தில் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிவிடுகிறது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். தச்சு முழம் 33 அங்குலம் என்கிறோமே, அந்த அங்குலம் வெள்ளைக்காரன் அங்குலம். ஆசாரி கணக்கில் முழத்துக்கு 24 விரல். அந்த விரலை இங்கிலீஷ் அங்குலத்தில் மாற்றும்போது ஒன்றே காலே அரைக்கால் என்று வைக்கிறோம். 1⅜ பெருக்கல் 24, முப்பத்து மூன்று. சரி. இப்போது விரலுக்கு ஒரு நூலில் எட்டில் ஒரு பங்கு கோல் தேய்ந்திருந்தது என்று வையுங்கள். ஒரு நூலே அங்குலத்தில் எட்டில் ஒன்று. அதில் எட்டில் ஒன்று என்றால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 24 விரலுக்குச் சேர்ந்தால் 32.63 அங்குலம் வந்துவிடும். மரக்கோல்கள் இந்த அளவுக்கு ஒன்றுக்கொன்று முன்பின்னாக இருப்பது சகஜம். சோழர் கல்வெட்டுகளில் பதினாறு சாண் கோல், பன்னிரு சாண் கோல் என்றெல்லாம் வருவதும், கோயில் சுவரில் அளவுகோலைக் கோடாக வெட்டி வைத்ததும் எதற்கு? கோலுக்குக் கோல் மாறும், ஊருக்கு ஊர் மாறும், நாளைக்குத் தகராறு வரும் என்று தெரிந்ததால்தான்.

33 என்ற எண்ணுக்கே ஒரு வசியம் இருக்கிறது. அக்பர் காலத்து இலாஹி கஜம் என்ற நீள அளவை ஆங்கிலேயர் 33 அங்குலம் என்று நிலைநிறுத்தினார்கள். மொகஞ்சதாரோவில் கிடைத்த சங்கு அளவுகோல் துண்டில் கோடுகள் 0.264 அங்குல இடைவெளியில் இருக்கின்றன. ஐந்து இடைவெளி சேர்ந்தால் 1.32 அங்குலம், அதை 25ஆல் பெருக்கினால் 33 என்று சொல்பவர்கள் உண்டு. ஏன் 25ஆல் பெருக்க வேண்டும்? 33 வர வேண்டும், அதனால்தான்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது நான் இழுத்த சங்கிலி. எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர் 1620 வாக்கில் வகுத்த நில அளவைச் சங்கிலி, 66 அடி, நூறு கண்ணி. 66 அடி என்பது 792 அங்குலம். 33ஆல் வகுத்தால் 24. மீதியே இல்லை! முழத்துக்கு 24 விரல், சங்கிலிக்கு 24 முழம். கண்டர் காரைக்குடியில் தச்சு படித்தார் என்று நாளைக்கே ஒரு கட்டுரை எழுதிவிடலாம். 11 அடி நீளமுள்ள எந்தப் பொருளும் சரியாக 4 தச்சு முழம், ஐந்தரை அடி உயரமுள்ள எந்த ஆளும் சரியாக 2 தச்சு முழம். எண்கள் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் தேவையில்லை. அலகு சிறியதாக இருந்து, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் மனசும் இருந்தால் போதும்.

இப்போது உங்கள் 10, 9. வகுத்த விடையை முழுசாகச் சொல்லியிருக்கலாம் தம்பி: 8.30 மீட்டர் என்பது 9.90 தச்சு முழம், 7.60 மீட்டர் என்பது 9.07. மெகாலிதிக் யார்டில் போட்டால் முதலாவது 10.01, ஆகா பிரமாதம், இரண்டாவது 9.17, அதைப்பற்றி நீங்கள் பேசவில்லை. நீளத்துக்கு ஒரு கோல், அகலத்துக்கு ஒரு கோல் என்று பிடித்திருக்கிறீர்கள்.

தச்சு முழத்தையே வைத்துக்கொள்வோம். 8 சென்டிமீட்டர் விலகல் இருக்கலாம் என்று நீங்களே அனுமதித்துவிட்டீர்கள். இந்தப் பக்கம் 8, அந்தப் பக்கம் 8, ஆக 84 சென்டிமீட்டர் முழத்தில் 16 சென்டிமீட்டர் ‘பொருந்தும்’ இடம். கண்ணை மூடிக்கொண்டு எந்த நீளத்தைச் சொன்னாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பொருந்தும். இரண்டு அளவும் பொருந்துவது இருபத்தைந்தில் ஒன்று. அது அரிதுதானே என்பீர்கள். பொறுங்கள். நீங்கள் கல்லின் நடுவை எடுத்தீர்கள். கல் அரை மீட்டர் தடிப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உள்விளிம்பை எடுத்தால் தென்வடல் 7.80 மீட்டர், 9.31 முழம், வெளிவிளிம்பை எடுத்தால் 8.80 மீட்டர், சரியாகப் பத்தரை முழம். பத்தரை வந்திருந்தால் ‘அரை முழமும் கணக்குத்தான்’ என்று எழுதியிருப்பீர்கள், இல்லையா? விளிம்பு மூன்று, கோல் மூன்று நான்கு வகை. இருபத்தைந்தில் ஒன்று விழும் காயை ஒரு தடவை எறிவது வேறு, பத்துத் தடவை எறிவது வேறு. பத்துத் தடவை எறிந்தால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் வியப்பு எதற்கு?

இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. கல்வட்டத்தின் இயல்பே அது. 83 சென்டிமீட்டர் அலகைத் தேடுகிறோம். ஆனால் எதை அளக்கிறோமோ அதன் தடிப்பே 50 சென்டிமீட்டர். எந்த நீளத்தை எடுத்தாலும் பக்கத்து மடங்கு 41 சென்டிமீட்டருக்குள் இருந்தே தீரும். ஆகவே ஒரே ஒரு வட்டத்தை வைத்து அலகு சொல்ல எவராலும் முடியாது. தாமும் ஒன்றை வைத்துச் சொல்லவில்லை, நூற்றுக்கும் மேற்பட்ட விட்டங்களைச் சேர்த்துத்தான் சொன்னார். அந்தப் பட்டியலை 1974ல் கேம்பிரிட்ஜ் புள்ளியியலாளர் டேவிட் கெண்டல் திரும்பப் போட்டு அரைத்தார். வெறும் தற்செயலாக அப்படிக் குவிய நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று விடை வந்தது. முழுக்கத் தள்ளவும் முடியாது, அடித்துச் சொல்லவும் முடியாது என்ற இடம். ஸ்காட்லாந்து வட்டங்களில் அது கொஞ்சம் அழுத்தமாகவும், இங்கிலாந்து வட்டங்களில் மங்கலாகவும் இருந்தது. ஒரே தலைமைக் கோல் தீவு முழுக்கப் பயணம் செய்தது என்றால் இப்படி இருக்காது. ஆள் நடந்து எட்டு வைத்து அளந்திருந்தால் இப்படித்தான் மங்கலாக வரும். ஓங்கி எட்டு வைத்தால் 80 சென்டிமீட்டருக்கு முன்பின். அது ஆர்க்னிக்காரனுக்கும் அப்படித்தான், ஆத்தங்குடிக்காரனுக்கும் அப்படித்தான். கால் ஒன்றாக இருப்பதற்குக் கோல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இனி சப்பை வட்டம். எனக்குப் பிடித்த பகுதி இது. தாம் சொன்ன ‘ஏ’ வகையை நீங்களே வரைந்து பார்க்கலாம், வாசலில் கோலமாவும் நூலும் போதும். ஒரு முளை அடித்து, நூலைச் சுற்றி, முழு வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 240 பாகை மட்டும் வரையுங்கள். திறந்து நிற்கும் வாயின் இரண்டு முனையிலிருந்தும் மைய முளைக்கு ஆரம் இழுங்கள். அந்த ஆரங்களின் நடுவில் ஆளுக்கொரு முளை. அங்கிருந்து பாதி ஆரத்தில் இரண்டு பக்கமும் சிறு வளைவு. கடைசியாக, வாய்க்கு நேர் எதிரே வட்டத்தின் மேலேயே ஒரு முளை அடித்து, அங்கிருந்து நீள நூல் பிடித்துச் சிறு வளைவுகள் இரண்டையும் சேர்த்து மூடுங்கள். எங்குமே முனை தட்டாத, ஒரு பக்கம் மட்டும் அமுங்கிய வடிவம் வரும். நீள விட்டத்தில் குறுக்கு விட்டம் 0.911 பங்கு. இங்கிலாந்தின் கம்பிரியாவில் உள்ள காசில்ரிக் வட்டம் இந்த வகை என்றார். ‘பி’ வகையில் பாதி வட்டம்தான் சரி வட்டம், விகிதம் 0.860. லாங் மெக் என்ற வட்டம் அதற்கு உதாரணம். முட்டை வடிவங்களுக்கு 3, 4, 5 பக்கமுள்ள செங்கோண முக்கோணத்தை அடிப்படையாக வைத்தார். மரத்தூண் நட்ட வுட்ஹெஞ்சுக்கு 12, 35, 37 முக்கோணம். பிதாகரஸ் பிறப்பதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டு முந்திய ஆட்களுக்கு.

எதற்காக இத்தனை பாடு? தாம் சொன்ன காரணம் அழகானது. வட்டத்தில் விட்டத்தை முழு எண்ணாக வைத்தால் சுற்றளவு முழு எண்ணாக வராது, 3.14 என்று இழுக்கும். ஒரு பக்கத்தை அமுக்கினால் சுற்றளவு விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்கு அருகில் வரும்: ‘ஏ’ வகையில் 3.06, ‘பி’ வகையில் 2.96. விட்டமும் முழு எண், சுற்றும் முழு எண். இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நம் ஸ்தபதிகளின் ஆயாதிக் கணக்கு, கட்டடத்தின் அளவு பொருத்தமா என்று பார்க்கும் கணக்கு. சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்து மீதி ஒற்றைப்படையாக வந்தால் யோனி என்ற பொருத்தம் நன்று, இரட்டையாக வந்தால் விரலளவு கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டு. செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று பத்தி பத்தியாக அளவு குறிக்கும்போதும் இந்தப் பார்வை உண்டு. ஆகவே சுற்றளவில் முழு எண் தேடிய மனிதர்கள் இருந்திருக்க முடியாது என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஆயாதிக்கு நம்மிடம் சுவடி இருக்கிறது, கோல் இருக்கிறது, இன்றும் செய்கிற ஆள் இருக்கிறார். காசில்ரிக்குக் கல் மட்டும்தான் இருக்கிறது.

அந்த அமுங்கிய வடிவம் வர வேறு சுலபமான வழியும் இருக்கிறது. 1984ல் ஜான் பார்னட், கார்டன் மோயர் என்ற இருவர் அதைத்தான் கிளப்பினார்கள்: கண்ணால் பார்த்துக் கல்லை வட்டமாக அடுக்கினாலே இதே சப்பையும் முட்டையும் வந்துவிடும் என்று. படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளிடம் பதினாறு செங்கலைக் கொடுத்து, ஊருணிக் கரையில் கயிறு இல்லாமல் வட்டம் போடச் சொன்னேன். பெரியவனுக்கு வயது பதின்மூன்று. நன்றாகத்தான் போட்டார்கள், நின்று பார்த்தால் வட்டம். டேப் வைத்தால் ஒரு பக்கம் பதினைந்தடி, குறுக்கே பதினாலடிக்குக் கொஞ்சம் குறைவு. அமுங்கியிருந்தது எந்தப் பக்கம்? அவர்கள் நின்று ‘இன்னும் தள்ளு, இன்னும் தள்ளு’ என்று கத்திய பக்கம். தனக்கு எதிரே போகும் தூரத்தைக் கண் சரியாகக் கணிக்காது. இதே பிள்ளைகளின் ஆச்சி நடுவீட்டுக் கோலம் போட்டால் நூல் பிடித்ததுபோல் வரும், ஏனென்றால் கோலம் கைக்கு எட்டும் தூரம். எட்டு மீட்டர் கைக்கு எட்டாது.

உங்கள் வட்டம் 7.60 கீழ் 8.30, அதாவது 0.916. தாமின் 0.911க்குப் பக்கத்தில்தான். ஆனால் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள்: 70 சென்டிமீட்டர். பக்கத்துக்கு 35. ஒரு கல்லின் தடிப்புக்கும் குறைவு. கல்லின் நடுவுக்குப் பதில் உள்மூலையைத் தொட்டிருந்தாலே பாதி போய்விடும். தரைச் சரிவு காரணமாக இருக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரிவில் கயிறு சுழற்றினால் மேலிருந்து பார்க்கும்போது நீள்வட்டமாகத் தெரியும், உண்மைதான். ஆனால் 0.916 வர 23 பாகைக்கு மேல் சரிவு வேண்டும். அந்தச் சரிவில் மாடு கூட மேயாது. உங்கள் பொட்டல் தட்டை. ஆகவே அது இல்லை.

எனக்குப் பட்ட காரணம் வேறு. அதற்கு இந்த வட்டம் எதற்கு நடப்பட்டது என்று பார்க்க வேண்டும். பிரிட்டன் வட்டங்கள் பெரும்பாலும் வெட்டவெளியைச் சுற்றி நிற்பவை. உள்ளே ஆட்கள் கூட இடம் விட்டவை. காலமும் வேறு: ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்கள் கி.மு. 2500ஐ ஒட்டியவை. நம் பக்கத்துக் கல்வட்டங்கள் பெரும்பாலும் கி.மு. முதல் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த இரும்புக்கால ஈமச்சின்னங்கள். நடுவில் கல்பதுக்கையோ (பலகைக்கல் நட்டு மூடிய ஈம அறை) தாழியோ இருக்கும். என் அப்பத்தா ‘மதமதக்கத் தாழி’ என்றுதான் சொல்லும். அதன்மேல் கல்லும் மண்ணுமாகக் குவித்து, குவியல் சரிந்து ஓடாமல் இருக்கச் சுற்றிக் கல் நட்டார்கள். ஊர் வரப்புக்கு அணை கொடுப்பதுபோல. அப்படியென்றால் வட்டத்தின் அளவைத் தீர்மானித்தது குவியல்தான், கோல் இல்லை. அதிலும் இன்னொன்று. நடுவில் பதுக்கை எழுந்துவிட்ட பிறகு மையத்தில் முளை அடிக்க இடம் ஏது? மூடுகல்லுக்கு மேலே கயிறு போட்டுச் சுழற்ற முடியாது. ஒன்று, குழி தோண்டுமுன்பே வட்டம் குறித்திருக்க வேண்டும். இல்லையேல் குவியலைச் சுற்றி நடந்து, கண்ணால் பார்த்து நட்டிருக்க வேண்டும். பிறகு இரண்டாயிரம் வருட மழை. குவியல் உள்ளிருந்து தள்ளுகிறது, கல் வெளியே சாய்கிறது. செம்புராங்கல் கருங்கல் மாதிரி இல்லை, ஓரம் உதிரும். 35 சென்டிமீட்டர் நகர இதற்கு மேல் என்ன வேண்டும்?

நம் ஆட்களின் வடிவக் கணிதத்தைப் பார்க்க ஆசையாக இருந்தால் வட்டத்தில் தேடாதீர்கள், பதுக்கைக்குள் தேடுங்கள். 1947ல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் கர்நாடகத்து பிரம்மகிரியில் தோண்டியபோது நான்கு பலகைக்கற்கள் நட்டிருந்த விதம் தெளிவாகப் பதிவானது. பெட்டி மாதிரி மூலையோடு மூலை முட்டவில்லை. ஒவ்வொரு பலகையும் அடுத்ததைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டு, மேலிருந்து பார்த்தால் சுவஸ்திகம். வெளியிலிருந்து மண் அமுக்கும்போது ஒவ்வொரு பலகையும் அடுத்த பலகையின் முனையில் சாய்ந்து நிற்கும். பசை இல்லை, ஆப்பு இல்லை, நான்கும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். கிழக்குப் பலகையில் இடுதுளை, அதாவது கல்லில் குடைந்த ஓட்டை. இது எந்த முழத்தில் வெட்டியது என்று கேட்பதைவிட, இப்படி நட்டால் விழாது என்று முதலில் எவனுக்குத் தோன்றியது என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு. சித்தன்னவாசலுக்குப் போனால் ஓவியத்தைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். சுற்றியுள்ள பொட்டலில் கல்வட்டங்களும் பதுக்கைகளும் இருக்கின்றன, பாதுகாக்கப்பட்ட இடம். காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை வழியாக ஒரு மணி நேரம், ஒன்றே கால் மணி நேரம்.

திசைபற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஆர்க்னியில் ஆண்டு முழுக்கச் சூரியன் உதிக்கும் இடம் வடகிழக்கையும் தென்கிழக்கையும் தாண்டி, 100 பாகை அகலத்துக்கு நகரும். நம் அட்சத்தில் நேர்கிழக்குக்கு இந்தப் பக்கம் 24 பாகை, அந்தப் பக்கம் 24 பாகை, அவ்வளவுதான். சுமாராகக் கிழக்கு பார்த்த எந்த இடுதுளைக்கும் ஏதோ ஒரு நாள் நேரே சூரியன் உதித்தே தீரும். உங்கள் இடுதுளைக்கு மாசி மாதம் நேரே வெயில் அடிக்கிறது என்பது உண்மையாக இருக்கலாம். அதற்காகவே வைத்தார்கள் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

சரி, மறுபடி அளக்கப் போகிறீர்கள் என்றால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு விட்டம் மட்டும் எடுத்தது போதாது. மூன்று புள்ளி இருந்தால் ஒரு வட்டம் வரைந்துவிடலாம், ஐந்து புள்ளி இருந்தால் ஒரு நீள்வட்டம். குறைந்த புள்ளி வைத்திருப்பவனுக்கு எந்த வடிவமும் பொருந்தும். ஒவ்வொரு கல்லுக்கும் தரை தொடும் இடத்தில் மூன்று குறி வேண்டும்: உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு. சாய்ந்த கல்லின் தலையை அளக்காதீர்கள், அடியை அளங்கள். வட்டத்துக்கு வெளியே இரண்டு நிலையான புள்ளி வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து ஒவ்வொரு குறிக்கும் டேப் பிடித்தால் போதும், முக்கோணம் முக்கோணமாகப் படத்தில் ஏற்றிவிடலாம். டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி கிடைத்தால் அரை நாள் வேலை, டேப்பில் ஒரு நாள். எந்தக் கல் விழுந்து கிடக்கிறது, எது ஜேசிபி தள்ளியது, எது வேலி போடும்போது யாரோ தூக்கி வைத்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் குறியுங்கள். அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மிச்சம் நிற்கும் கற்களுக்கு மட்டும் ஒரு வட்டத்தைப் பொருத்தி, ஒவ்வொரு கல்லும் அதிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் விலகி நிற்கிறது என்று எழுதுங்கள். விலகல் எல்லாம் கல்லின் பாதித் தடிப்புக்குள் அடங்கினால், அது வட்டம்தான், நீள்வட்டம், சப்பை வட்டம் ‘ஏ’, ‘பி’ என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒரே பக்கத்துக் கற்கள் வரிசையாக உள்ளே நின்றால் அப்போது பேசலாம்.

கோல் எதுவும் மனதில் வைக்காமல் மீட்டரில் மட்டும் எழுதுங்கள். தோண்டாதீர்கள், கல்லில் பெயிண்ட் அடித்து எண் போடாதீர்கள். சுண்ணாம்புக் குச்சி கூட வேண்டாம், பக்கத்தில் ஒரு சீட்டை வைத்துப் படம் எடுத்தால் போதும். அந்தப் பக்கம் செம்புராங்கல் வெட்டும் குழி ஒன்று நெருங்கிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் அளவுக்கு முன்னால் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம், வரைபடத்தோடு. ஐப்பசி மழைக்குப் புல் முளைத்துவிட்டால் கல்லின் அடி தெரியாது. ஆவணிக்குள் போனால் நானும் வருகிறேன், ஓய்வுபெறும்போது வாங்கிய முப்பது மீட்டர் எஃகு டேப் இன்னும் துருப்பிடிக்காமல் இருக்கிறது.